மாளிகை பார்த்ததற்கு அத்தாட்சி

1

கோட்டையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தோம். கல் பதித்த செங்குத்துப் பாதை. மழை தூறி ஓய்ந்திருந்ததால் ஓரக் கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தேன். முன்னால் மகள் அபி, பின்னால் மனைவி தவமணி. பாதி வழியில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. அபி நடையை நிறுத்தாமலே எங்கள் மூன்று நுழைவு டிக்கட்டுகளையும் அதற்குள் போட்டுவிட்டுப் போனாள்.

நான் நின்று தொட்டிக்குள் கையை விட்டேன். ஒரு கோப்பிக் குவளையும் பாதி தின்ற பாணும் கையில் பட்டன. அதற்குள் தவமணி வந்து சேர்ந்தாள். வீட்டில் எந்த யன்னலைத் திறப்பது என்பதில்கூட அவள் என்னோடு ஒத்துப்போவதில்லை. இப்போது கைப்பையை என் தோளில் மாட்டிவிட்டுத் தானும் குனிந்து பார்த்தாள்.

"அங்கால இல்லை, இஞ்சால. அந்தக் கடதாசிக்குக் கீழ பாருங்கோ."

அபி திரும்பி வந்தாள். "என்ன செய்யிறீங்க ரெண்டு பேரும்? எல்லாரும் பாக்கினம்."

"டிக்கட்."

"பாத்து முடிஞ்சுது அப்பா. இனி ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"கேட்டா?" என்றாள் தவமணி.

வெட்கக்கேடு என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல்லை அபி சொன்னாள். பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்ட சொல். பெரும்பாலும் எங்களுக்குத்தான் அதைப் பயன்படுத்துகிறாள்.

டிக்கட்டுகள் கிடைத்தன. ஒன்றில் மட்டும் கோப்பி. துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அபி கேட்டாள்: "உண்மையா சொல்லுங்க, ஏன்?" சொல்ல ஆரம்பித்தேன். 'பாஸ்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். சொந்த நாட்டுக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக ஒரு அனுமதித் துண்டு தேவைப்பட்டது என்பதை ஜெர்மனில் சொல்ல என்னிடம் சொற்கள் போதவில்லை. தமிழில் கேட்டு விளங்கிக்கொள்ள அவளிடம் போதவில்லை. அவள் பொறுமையாக இரண்டு நிலையங்கள் வரை கேட்டுவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். அங்கே இலங்கையில் இருப்பவர்களுக்குப் பாஸ் என்றால் விளக்கம் வேண்டியதில்லை.

2

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்து மூன்று வயது, தவமணிக்கு இருபத்தொன்று. கலியாணம் முடித்துப் பதினொரு நாள்.

நான் பிறந்தது தெல்தெனியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கலவர வருடத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் எரிந்தன. அப்பா எங்களை வவுனியாவுக்குக் கூட்டிப் போனார். நான் படித்துக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்பு எங்களோடு வரவில்லை; படிப்பு அதோடு நின்றது. பிறகு தெல்தெனியவின் பழைய கடைத்தெருவை அணைக்கட்டுத் தண்ணீர் மூடிக்கொண்டது. எரிந்ததும் மூழ்கியதும் போக அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு மிஞ்சியது சிங்களம் மட்டும். அதை நன்றாகப் பேசுவேன். வவுனியாவில் பேக்கரி, அரிசி ஆலை, லொறி என்று சுற்றினேன். எதிலும் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. லொறியில் அகதி முகாமுக்குக் கோதுமை மா மூட்டை இறக்கப் போன இடத்தில்தான் தவமணியைக் கண்டேன். சண்டையில் இடம்பெயர்ந்து தாயோடு வந்தவள். பரீட்சைக்கு எல்லாப் பாடமும் படித்து முடித்த வாரத்தில் ஊரை விட்டு ஓடியிருந்தாள். அந்தப் பரீட்சையை எழுதாத குறை அவளுக்கு இன்றும் உண்டு.

முகாமைவிட்டு வெளியே வர அவளுக்குப் பாஸ் கொடுத்தார்கள். கண்டி, மூன்று நாள். மூன்றாம் நாள் மாலைக்குள் கண்டிப் பொலிஸில் நீட்டிப்பு வாங்கவேண்டும். இல்லையென்றால் நான்காம் நாள் காலை அவளைத் திருப்பி முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் தெல்தெனிய என்று இருந்ததால் நான் எங்கும் இருக்கலாம். போகவேண்டியவள் அவள் மட்டும்தான்.

கண்டியில் நாங்கள் தங்கிய லொட்ஜ் அக்குறணைக்காரர் ஒருவருடையது. நூர்தீன் நானா. தங்க வருகிற தமிழர்களின் பொலிஸ் படிவங்களை அவரே சிங்களத்தில் நிரப்பிக் கொடுப்பார். வந்த காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே விஷயத்தைத்தான் எழுதுவார்: கண்டி பார்க்க.

"வேல தேட வந்தோம் எண்டு எழுதுங்க நானா," என்றேன்.

"எழுதலாம் மகன். அப்ப, ஒங்கட ஊர்ல வேல இல்லயா எண்டு கேப்பாங்க. சொந்தக்காரன பாக்க வந்த எண்டு எழுதினா அவனயும் கூட்டிட்டு வா எண்டுவாங்க. கண்டி பாக்க வந்தா யார கூப்பிடுற? கண்டியயா கூப்பிடுற?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எங்களுக்கு முன் அந்த லொட்ஜில் தங்கிய நூற்றுக்கணக்கானவர்கள் யுத்தத்துக்கு நடுவே கண்டியின் அழகைப் பார்க்க வந்தவர்களாகப் பதிவாகியிருந்தார்கள்.

முதல் இரண்டு நாளும் நான் வேலை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினேன். தவமணிக்குச் சிங்களம் தெரியாததால் அறைக்குள்ளேயே இருந்தாள். இரண்டாம் நாள் மாலை கையெழுத்து வைக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் படிவத்தைப் பார்த்தார்.

"கண்டி பார்க்க வந்திருக்கிறீர்கள். என்ன பார்த்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஏரி," என்றேன். அது அவருடைய யன்னலிலேயே தெரிந்தது.

"வேறு?"

"மார்க்கட்."

அவர் பேனாவை மூடினார். "நாளைக்குக் கடைசி நாள். ராஜாவின் மாளிகையைப் போய்ப் பாருங்கள். டிக்கட்டோடு வந்து என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு நீட்டிப்பைப் பற்றிப் பேசுவோம்." கேலியும் இல்லை, கோபமும் இல்லை. டொக்டர் மருந்து எழுதிக் கொடுப்பதைப் போலச் சொன்னார்.

வெளியே வந்து தவமணிக்கு விளக்கினேன். அவள் முகம் தெளிந்தது.

"அப்ப சோதினை," என்றாள்.

3

இந்த ஹைடல்பேர்க் பயணம் எங்கள் கலியாண நாளுக்கு அபி கொடுத்தது. மூன்று நாள், இரண்டு இரவு. கணினியில் அவள் பதிவு செய்யும்போது மூன்று நாள் என்று கேட்டதும் தவமணி என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன்.

ஹோட்டலில் ஒரு படிவம் தந்தார்கள். தங்குவதன் நோக்கம்: தொழில், ஓய்வு என்று இரண்டு கட்டங்கள். அபி ஓய்வுக்குப் புள்ளடி போட்டாள். நான் கடவுச்சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நேராக நின்றேன். வரவேற்பறைப் பெண் அதை வாங்கவில்லை. சிரித்துவிட்டு, காலைச் சாப்பாடு பத்து மணி வரை என்றாள். பொலிஸில் எப்போது பதியவேண்டும் என்று அவளிடம் கேட்கச் சொன்னேன். அபி அதை மொழிபெயர்க்கவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருடமாக வரி கட்டுகிறேன், இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

கடைசி நாள் கோட்டை. பாதி இடிந்த, சிவந்த கல் கோட்டை. இடிந்ததை இடிந்தபடியே காவல் போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு லயக் காம்பிராவைவிடப் பெரிய வைன் பீப்பாய். அபி காதில் மாட்டிக் கேட்கும் கருவி வாங்கித் தந்தாள். ஒவ்வொரு அறையிலும் யார் யாரைத் துரத்தினார்கள் என்று அது சொன்னது. நான் பாதியில் கழற்றிவிட்டேன். பீப்பாயின் மேல்தட்டுக்குப் படி ஏறும்போது தவமணி மெதுவாகக் கேட்டாள்:

"எத்தினை?"

"நாப்பத்தொண்ணு," என்றேன்.

"எனக்கு முப்பத்தொன்பது."

அபி மேலே நின்று எங்களைப் படம் எடுத்தாள். படத்தில் இருவரும் கீழே காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

4

கண்டி ராஜாவின் மாளிகை, மாளிகை என்று சொன்னால் மனதில் வருகிற மாதிரி இருக்கவில்லை. நீளமான, தாழ்ந்த, ஓடு போட்ட கட்டடம். தடித்த வெள்ளைச் சுவர். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் போகிறவர்கள் பூத்தட்டோடு பக்கத்தால் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே கூட்டமே இல்லை.

"இது கோடவுன் மாதிரியெல்லோ கிடக்கு," என்றாள் தவமணி.

"ராஜா வீடுதான். வா புள்ள, எழுத ஆரம்பி."

காலையில் பாண் சுற்றி வந்த தாளை அவள் மடித்து எடுத்து வந்திருந்தாள். அவளுடைய கணக்கு இது: என்ன கேள்வி வரும் என்று தெரியாத பரீட்சைக்கு எல்லாவற்றையும் படிக்கவேண்டும். நான் பார்த்துச் சொல்ல, அவள் எழுதினாள். உள்ளே உடைந்த சட்டிகள், கல் துண்டுகள், பழைய மரங்கள். அவற்றின் பெயர்ப்பலகைகளில் தமிழ் இல்லை. சிங்களம் எனக்குப் பேசத்தான் வரும், வாசிக்க வராது. ஆகவே வாசிக்கத் தேவையில்லாதவற்றை எழுதினோம். கதவு எத்தனை, யன்னல் எத்தனை, சுவர் என் உயரத்துக்கு எத்தனை மடங்கு. பிறகு சபா மண்டபத்துக்குப் போய் மரத்தூண்களை எண்ணினோம். எனக்கு ஒரு எண் வந்தது, அவளுக்கு வேறு எண். மறுபடி எண்ணினோம். புதிதாக ஒரு எண் வந்தது.

வெளியே வந்து ஏரிக்கரைச் சுவரில் உட்கார்ந்தபோது தவமணி கையை நீட்டினாள். "டிக்கட்டைத் தாங்கோ. இதோட வைப்பம்."

என்னிடம் இல்லை. உள்ளே போனதும் வாசலிலேயே எறிந்திருந்தேன். பஸ் டிக்கட்டாக இருந்தாலும் சினிமா டிக்கட்டாக இருந்தாலும் உள்ளே போனதும் எறிவது என் பழக்கம்.

தவமணி என்னைத் திட்டவில்லை. எழுந்து நடந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் முற்றத்தைக் கூட்டிச் சருகுகளைக் குவித்து வைத்திருந்தார். நாங்கள் உள்ளே போனபோது கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தவர். பண்டார என்று பெயர். தவமணி குவியலுக்குப் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கிளற ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கூட்டிய சருகு மறுபடி முற்றம் முழுக்கப் பரவியது. பண்டார விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன, தங்கமா?"

"டிக்கட்," என்றேன் சிங்களத்தில்.

"பார்த்து முடிந்துவிட்டதே. இனி எதற்கு?"

"காட்டவேண்டும்."

அவர் விளக்குமாற்று முனையால் ஒரு மூலையைக் காட்டினார். இரண்டும் அங்கே கிடந்தன. எந்த ஊர் என்று கேட்டார். தெல்தெனிய என்றேன்.

"கடைசி ராஜா வெள்ளைக்காரனுக்குப் பயந்து உங்கள் பக்கம்தான் ஓடினார்," என்றார். "அங்கேதான் பிடித்தார்கள். ஒளிவதற்கு நல்ல பக்கம் இல்லை."

தவமணி என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

5

மாலை நாலு மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் முன் நின்றோம். டிக்கட் இரண்டையும் மேசையில் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்து, நல்லது என்றார்.

"என்ன பார்த்தீர்கள்?"

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். ராஜா தெல்தெனியவுக்கு ஓடியதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். பிறகு எனக்கு மறந்துபோனது. தவமணியைத் திரும்பிப் பார்த்து, "கதவு எத்தன?" என்று தமிழில் கேட்டேன். அவள் கைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள்.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த கொன்ஸ்டபிள் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அலவத்துகொடக்காரர். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்து, பிறகு சிங்களத்தில் சொன்னார். "கதவு பதினொன்று. யன்னல் பதினேழு. பின்சுவர் இரண்டு ஆள் உயரம். வாசலிலிருந்து ஏரிக்கு நூற்று நாற்பது அடி நடை. தூண் ஐம்பத்தெட்டு, அவர். அறுபத்தொன்று, நான். காவல் இரண்டு பேர். அதில் ஒருவர் நித்திரை."

அவர் வாசிக்கக் கேட்டபோது எங்களுக்கே எங்கள் மேல் சந்தேகம் வந்தது.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கித் தன் முன்னால் விரித்தார். "சுவரின் உயரம் எதற்கு?" என்றார்.

தவமணியிடம் கேட்டேன். "கேப்பினம் எண்டு நினைச்சன்," என்றாள். அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

"நான் சுவரின் உயரத்தைக் கேட்பேன் என்றா?"

"என்ன கேட்பீர்கள் என்று தெரியாது மாத்தயா. அதனால் எல்லாவற்றையும் எழுதினோம்."

அவர் கதவடியில் நின்றவரிடம் மாளிகைக் காவலாளியைக் கூட்டிவரச் சொன்னார். எங்களை வெளி வாங்கில் உட்காரச் சொன்னார்கள். கொன்ஸ்டபிள் பக்கத்தில் நின்றார்.

"என்ன வேல பாத்தீங்க," என்றார் மெதுவாக. "கண்டி பாக்க வார ஆக்கள் ஐஸ்கிரீம் திண்டுட்டு வாரல்லயா? ஒங்களுக்கு யாரு எண்ணச் சொன்ன?"

சரியான கேள்விதான். அந்த வாங்கில் இருந்துகொண்டு யோசித்தேன். இருவருமே அதற்கு முன் எந்த ஊருக்கும் ஊர் பார்க்கப் போனதில்லை. எங்காவது போனோமென்றால் எரிந்ததால் போனோம், சுட்டதால் போனோம், வேலைக்குப் போனோம். பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே வேலை செய்துவிட்டு வந்திருந்தோம்.

தவமணி தாளைப் பறிகொடுத்த கையை இன்னும் மடித்தபடியே வைத்திருந்தாள்.

"நான் திரும்பிப் போனா நீங்கள் என்ன செய்வியள்?"

"நானும் வர்றேன்."

"எங்க வாறது? உங்களை முகாமுக்குள்ள விடமாட்டாங்கள். உங்கட அடையாள அட்டை வேற."

அது உண்மை.

பண்டார விளக்குமாற்றோடே வந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். எங்களைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது.

"இவர்களா? என் குப்பையைக் கலைத்தவர்கள் மாத்தயா. நான் முற்றத்தை இரண்டு தரம் கூட்டவேண்டி வந்தது."

"வேறு என்ன செய்தார்கள்?"

"தூணை எண்ணினார்கள். மூன்று தரம். மூன்று தரமும் வேறு வேறு எண். இந்தப் பையன் ஒரே தூணை இந்தப் பக்கம் நின்று ஒரு தரமும் அந்தப் பக்கம் நின்று ஒரு தரமும் எண்ணினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் தாளைக் காட்டி இரண்டு எண்களையும் சொன்னார். "இதில் எது சரி?"

"இரண்டும் பிழை," என்றார் பண்டார. "கதவும் பிழை. உளவு பார்க்க இவர்களை யாராவது அனுப்பியிருந்தால் அவனுக்காக நான் கவலைப்படுகிறேன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தாளைத் திரும்பப் பார்த்தார். "ஒருவர் நித்திரை என்று இருக்கிறதே. அது யார்?"

பண்டார விளக்குமாற்றைக் கை மாற்றிப் பிடித்தார். "கண்ணில் தூசு மாத்தயா. கூட்டுகிற வேலை."

அவரைப் போகச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் எங்கள் படிவத்தை எடுத்து, இரண்டு டிக்கட்டுகளையும் அதன் மூலையில் குத்தி இணைத்தார். பாண் தாளை நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"சுற்றுலா மூன்று நாளில் முடிந்துவிடும்," என்றார். "அதற்கு மேல் இருப்பதற்குக் காரணம் வேண்டும். வேலை கிடைத்ததா?"

"இல்லை மாத்தயா."

"நீ இந்த ஊரில் இருப்பதென்றால் என் கண் முன்னால் இருக்கவேண்டும். இங்கே சமையலறைக்கு ஆள் இல்லை. காலை ஆறு மணி." படிவத்தில் கண்டி பார்க்க என்ற சொற்களைக் கோடு போட்டு வெட்டி, தொழில் என்று மேலே எழுதினார். தவமணியின் பாஸில் ஒரு மாதம் என்று எழுதி முத்திரை குத்தினார். கொன்ஸ்டபிள் அதை எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். தவமணி அவரை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

அந்த இரண்டு டிக்கட்டும் அப்படியே படிவத்தோடு கோப்புக்குள் போய்விட்டன. அவை மட்டும்தான் எங்களிடம் இல்லை. அதற்குப் பிறகு கிடைத்த எல்லாமே இருக்கின்றன. ரயில், அருங்காட்சியகம், நீச்சல் குளம், அபியின் பள்ளிக்கூட நாடகம், ஒரு பிஸ்கட் டின் நிறைய. இப்போது ஹைடல்பேர்க் கோட்டையும் மூன்று. ஜெர்மனிக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை எங்களைப் போன்ற பலர் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். எங்களுடையதும் அதேதான்.

6

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே போய் நின்றேன். ஏரியில் இன்னும் பனி கிடந்தது. சமையல்காரர் கண்டிக்காரர், வயிறு பெருத்தவர். என் பெயரைக் கேட்கவில்லை. ஒரு சாக்கு அரிசியையும் தேங்காய்க் குவியலையும் துருவலையையும் காட்டினார். பிறகு மூலையில் அடுக்கியிருந்த தகரத் தட்டுகளைக் காட்டினார்.

"இன்றைக்கு எத்தனை பேருக்குச் சமைக்கவேண்டும் என்று தெரியவேண்டும். அந்தத் தட்டுகளை எண்ணிச் சொல்."

எனக்கு எண்ண வராது, இன்ஸ்பெக்டர் மாத்தயாவிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.